பூட்டிக் கிடந்த வீட்டை விற்பனைக்குத் தயார் செய்வது எப்படி?

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஒரு வீடு. உரிமையாளர்கள் குடும்பத்தோடு மும்பையில் இருந்தார்கள், சாவி என் கையில். கூட்டிப் பெருக்கி, தரையைக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பார்க்க வந்த தம்பதியை உள்ளே அழைத்துப் போனேன். கணவர் அறை அறையாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மட்டும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டார். அங்கே ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. கிழிக்காமல் நின்றுபோன தாளில் மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை. "மூணு வருஷமா இங்க ஆளே இல்லையா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதுவரை கண்ணில் படாத மயிரிழை வெடிப்பு அதற்கப்புறம் பெரிதாகத் தெரிந்தது. குழாயில் முதலில் வந்த செம்மண் நிறத் தண்ணீர் பயமுறுத்தியது. "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள், திரும்பி வரவில்லை.

நெல்லைப் பக்கம் பழைய வீட்டை வாங்க ஆள் இருக்கிறது. புழக்கம் நின்ற வீடு என்றால்தான் கால் தயங்குகிறது. அதனால் காலி வீட்டை விற்பவர் செய்ய வேண்டிய வேலை, அதற்கு மறுபடியும் புழக்கத்தைக் கொண்டு வருவது. இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக, நான் செய்துவரும் வரிசையிலேயே எழுதுகிறேன். அப்பா அம்மா காலமான பிறகு ஊர் வீட்டை விற்க வேண்டி வந்தவர்கள், சொந்தக்காரர் வீட்டுச் சாவியைப் பொறுப்பாக வாங்கிக்கொண்டவர்கள், இதையே தொழிலாகச் செய்யலாமா என்று யோசிக்கிறவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவில் இதற்கு ஸ்டேஜிங் என்று பெயர். 1970களில் சியாட்டில் பக்கம் வீடு விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி அந்தப் பெயரைப் பரப்பியதாகச் சொல்வார்கள். மேடையில் காட்சிக்குத் தகுந்தபடி சாமான் வைப்பது போல வீட்டிலும் வைப்பது என்று அர்த்தம். அங்கே சோபா முதல் பூச்சாடி வரை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். நமக்கு அந்த அளவு வேண்டாம். அதன் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். வெறும் அறையைப் பார்த்து, அதில் தான் வாழ்வதை நினைத்துப் பார்க்க எல்லோராலும் முடியாது. கட்டில் கிடக்காத அறை இருக்கிற அளவைவிடச் சின்னதாகத் தெரியும். கண் தங்க ஒரு பொருளும் இல்லாவிட்டால் அது நேரே போய்ச் சுவர்க்கறையில்தான் நிற்கும்.

கை வைப்பதற்கு முன்

அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று பங்குள்ள எல்லோரும் விற்க ஒத்துக்கொண்டார்களா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். பெயிண்ட் அடித்து முடித்த வீட்டில் ஒரு கையெழுத்து வராமல் நின்றால், போட்ட பணமும் அதோடு நிற்கும். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், நடப்பு அரையாண்டு வரை கட்டிய வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்பு ரசீது, மின் இணைப்பு எண், வரைபட அனுமதி இவற்றின் நகல்களை ஒரு பைலில் போட்டு வையுங்கள். வீடு பிடித்துப்போனவர் கேட்டதும் எடுத்துக் கொடுக்கத் தோதாக இருக்கும்.

அப்புறம் காலம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் வீடு பேசி முடிக்கிறவர்கள் குறைவு. அந்த இரண்டு மாதத்தையும் வேலைக்கு ஒதுக்கினால் ஆவணியிலும் தையிலும் வீடு தயாராக நிற்கும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழைதான். முடிந்தால் அந்த மழையில் ஒரு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டை முழுக்கப் பாருங்கள். எந்தச் சுவர் நனைகிறது, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்பதை மழை காட்டிக் கொடுத்துவிடும். பார்ப்பது மழையில், பெயிண்ட் அடிப்பது வெயிலில்.

முதல் நாள் ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் கொண்டு போங்கள், வாரியலை எடுக்க வேண்டாம். வாங்க வருகிறவர் மாதிரியே தெருவிலிருந்து நடந்து வாருங்கள். கேட் முனகுகிறதா? பூட்டு திறக்க எத்தனை தடவை சாவியைத் திருகுகிறீர்கள்? வந்தவர்கள் வெயிலில் நிற்க, நீங்கள் பூட்டோடு மல்லுக்கட்டுகிற அந்த இரண்டு நிமிஷத்தில் அவர்கள் பார்ப்பதெல்லாம் துரு, ஒட்டடை, குளவிக்கூடுதான். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் முதல் வாடையை எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் போனால் அது பழகிவிடும், பிறகு உங்களுக்கே தெரியாது.

தண்ணீரில் தொடங்குங்கள்

வாடை என்று சொன்னேன் இல்லையா, அதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் சாக்கடை நாற்றம். பினாயில் ஊற்றினேன், பிளீச்சிங் பவுடர் போட்டேன், செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டதோ என்று லாரிக்குச் சொல்லி வைத்தேன். நாலாவது நாள் வயதான பிளம்பர் ஒருவர் வந்தார். குளியலறைத் தரையில் இருக்கும் ஓட்டைச் சல்லடையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, காஞ்சு கெடக்கு" என்று சொல்லி ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். அரை மணி நேரத்தில் நாற்றம் போய்விட்டது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கழிவுநீர்க் குழாயிலும் ஒரு வளைவு இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீர்தான் கீழிருந்து வாடை ஏறாமல் மூடி வைக்கிறது. ஆள் புழங்காத வீட்டில், அதுவும் நம்முடைய சித்திரை வெயிலில், அது சில வாரங்களில் வற்றிவிடும். குளியலறை, கழிப்பறை, சமையலறைத் தொட்டி, வாஷிங் மெஷின் குழாய், பழைய வீடானால் புறவாசலில் பாத்திரம் கழுவும் அங்கணக்குழி, ஒன்று விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது மட்டுப்படும். நாற்றம் போகும், கரப்பானும் குறையும்.

மேல்தொட்டியில் பழைய தண்ணீர் இருந்தால் முழுக்கத் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றுங்கள். போர் மோட்டார் மாதக்கணக்கில் ஓடாமல் இருந்திருந்தால் முதல் தடவை எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள், இறுகிக் கிடந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் புகைந்துவிடும். எல்லாக் குழாயையும் திறந்து, துரு நிறம் போய்த் தெளியும் வரை ஓட விடுங்கள். வாஷர்கள் காய்ந்திருக்கும், சில குழாய்கள் சொட்டத் தொடங்கும். இது வெளிச்சத்துக்கு வரத்தான் பெயிண்ட்டுக்கு முன்னால் தண்ணீரைத் திறக்கச் சொல்கிறேன். சுவருக்குள் போகும் குழாயில் கசிவு இருந்தால் உடைக்க வேண்டியது பழைய சுவராகவே இருக்கட்டும்.

போர்த் தண்ணீரின் உப்புக்கறை குழாயிலும் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் வந்துவிடும். ஆசிட்டை மட்டும் மொசைக் தரைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். மொசைக் என்பது சிமெண்டும் சலவைக்கல் சில்லும், ஆசிட் இரண்டையும் அரித்து மங்கலாக்கிவிடும். அவசரத்தில் அப்படிப் பாழான கூடங்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வீடு பார்க்க வருகிறவர் வீட்டு ஆச்சி முதலில் கேட்பது "ஆத்துத் தண்ணி உண்டுமா?" என்பதுதான். தாமிரபரணித் தண்ணீர் வருகிற குழாய் எது, எந்த நேரம் வரும், ஒருநாள் விட்டு ஒருநாளா, தினமுமா என்று தெரிந்து வையுங்கள். தெருக்காரர் ஒருவரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார். அந்தத் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து வைத்து, வருகிறவர்களுக்கு அதிலிருந்தே ஒரு டம்ளர் கொடுங்கள்.

ஓதம், கரையான், வெள்ளம்

மொட்டை மாடிக்கு ஏறிப் போய் மழைநீர்க் குழாய் வாயில் அடைந்து கிடக்கும் சருகை எடுங்கள். பாதி வீடுகளில் மேல்தளத்து ஓதத்துக்கு, அதாவது ஈரக்கசிவுக்கு, காரணம் அந்தச் சருகுதான். தண்ணீர் தேங்கி, ஓட்டின் இடுக்கு வழியாக மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் வெடிப்பு இருந்தால் கொத்தனாரை வைத்து அடையுங்கள். சுவரில் உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாமல் பூசாதீர்கள். பூசினால் மூன்றே மாதத்தில் பழையபடி பூக்கும், அதற்குள் நீங்கள் அட்வான்ஸ் வாங்கியிருப்பீர்கள்.

கதவு நிலையின் அடியில், சுவர் அலமாரியின் பின்பலகையில் மண் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். கரையான் கோட்டைச் சுரண்டிவிட்டு வார்னிஷ் அடிப்பது ஏமாற்று வேலை. முறையாக மருந்து அடித்து, பில்லை வாங்கி அந்தப் பைலில் வையுங்கள். கரையான் இருந்தது, மருந்து அடித்தாயிற்று என்று சொல்கிற வீட்டை நம்பி வாங்குகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு "வெள்ளத்துல தண்ணி ஏறிச்சோ?" என்ற கேள்வி இல்லாமல் இங்கே எந்த வீடும் கைமாறுவதில்லை. பெரியவர்கள் 1992 நவம்பர் வெள்ளத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். ஏறியிருந்தால் எவ்வளவு ஏறியது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, அதன்பிறகு என்னென்ன மாற்றினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் விசாரிக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். உரிமையாளர் வற்புறுத்தினார் என்பதற்காக, ஓதம் ஏறிய சுவரை மறைத்து ஒரு மர பீரோவை நகர்த்தி வைத்தேன். வந்தவரின் மைத்துனர் கொத்து வேலை தெரிந்தவர். அறைக்குள் நுழைந்ததும் "இத எதுக்கு இங்கன போட்டிருக்கு?" என்று கேட்டு ஒரு கையால் தள்ளினார். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. அந்த ஓதத்தை முன்பே சொல்லியிருந்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். மறைத்ததால் மற்ற எல்லாச் சுவரையும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அலங்காரம் வேறு, மறைப்பு வேறு. அன்றிலிருந்து அந்தக் கோட்டை நான் தாண்டுவதில்லை.

வெளியேற வேண்டிய சாமான்கள்

காலி வீடு என்று சொல்கிறோமே தவிர, முழுக்கக் காலியான வீடு அபூர்வம். பரணில் பித்தளை அண்டா, உடைந்த தையல் மெஷின், பழைய மெத்தை, கல்யாண ஆல்பம், தாத்தாவின் கைத்தடி என்று ஏதாவது தங்கியிருக்கும். உரிமையாளரை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். உங்கள் இஷ்டத்துக்கு எதையும் தூக்கிப் போடாதீர்கள். நமக்குக் குப்பையாகத் தெரிகிற ஒரு தகர டப்பா அவர்களுடைய அம்மா திருநீறு வைத்திருந்த டப்பாவாக இருக்கும்.

மாலை போட்ட படங்களைக் கட்டாயம் கழற்றி, துணியில் சுற்றி உறவினர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். வாங்க வந்தவர் இன்னொரு குடும்பத்தின் துக்கத்துக்குள் நடந்து போகக் கூடாது. சாமி படங்களையும் அப்படியே உரியவர்களிடம் சேர்த்துவிடுங்கள். நின்றுபோன கடிகாரத்துக்குப் பேட்டரி போடுங்கள், இல்லையென்றால் கழற்றுங்கள். காலண்டர் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பூஜை அலமாரிக்குக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு வேண்டும். வருஷக்கணக்கான விளக்குக் கரியும் எண்ணெயும் சுவரில் ஊறியிருக்கும். மேலே நேராகப் பெயிண்ட் அடித்தால் ஒரே வாரத்தில் பழுப்பு மேலே வந்துவிடும். சோடா மாவு கலந்த வெந்நீரில் இரண்டு முறை துடைத்து, காய விட்டு, எண்ணெய் பிரைமர் அடித்து, அதன் பிறகே வண்ணம். பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று யார் வேண்டுமானாலும் வாங்க வரலாம். அந்த அலமாரியைப் பளிச்சென்று காலியாக விட்டுவிடுவதே நல்லது. அவரவருக்கு என்ன வைக்க வேண்டும் என்று அவரவருக்குத் தெரியும்.

பெயிண்ட், தரை, வெளிச்சம்

பெயிண்ட்டில் நான் அதிகம் யோசிப்பதில்லை. உள்ளே முழுக்க ஒரே வெளிர் நிறம், பாலேட்டு வெள்ளையோ சந்தனத்தின் மிக இளம் சாயலோ. ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, படம் தொங்கிய இடத்துச் சதுரங்கள் தெரியாதபடி இரண்டு கோட். அடித்துவிட்டு ஒரு வாரம் ஜன்னலைத் திறந்து வைத்தால் வாடை அடங்கும்.

தரைதான் நம் ஊர் வீடுகளின் சொத்து. பழைய வீட்டுச் சிவப்பு சிமெண்டுத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டால் நல்ல விலை போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நன்றாகக் கழுவி, ஈரம் காய்ந்ததும், தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். மறுநாள் வெறும் துணியால் அழுத்தித் தேயுங்கள். காலையில் முற்றத்து வெளிச்சம் அதில் விழும்போது பாருங்கள், நாலு டைல்ஸ் கடை ஏறி இறங்கினாலும் அந்த நிறம் கிடைக்காது. எண்ணெய் அதிகமானால் வழுக்கும், அதில் கவனம் வேண்டும்.

எல்லா பல்பும் எரிய வேண்டும். ஒரே அறையில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம் கலந்த வெள்ளை என்று இருக்கக் கூடாது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மஞ்சள் சாய்ந்த எல்இடி, அடுக்களைக்கும் குளியலறைக்கும் வெள்ளை. வேலை செய்யாத சுவிட்சுகளை மாற்றுங்கள், வருகிறவர்களில் ஒருவராவது எல்லாச் சுவிட்சையும் போட்டுப் பார்ப்பார். மின் கட்டணத்தைத் தவறவிட்டு இணைப்பு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக மாடுலர் கிச்சன், பால்ஸ் சீலிங் இவற்றில் பணத்தைக் கொட்டாதீர்கள். வாங்குகிறவர் தன் இஷ்டத்துக்கு அதை உடைத்துவிட்டு வேறு போடுவார். அந்தப் பணம் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் வாசலுக்கும் போகட்டும்.

அறைக்கு ஒரு வேலை

இப்போதுதான் சாமான் வைக்கும் கட்டம். விதி ஒன்றே ஒன்று. எந்த அறையைப் பார்த்தும் "இது எதுக்கு?" என்று யாரும் கேட்கக் கூடாது.

வாங்க வேண்டியது குறைவு. உரிமையாளரின் பழைய கட்டில், சாய்வு நாற்காலி, பிரம்பு நாற்காலி நன்றாக இருந்தால் ஆசாரியை வைத்துத் தட்டி முடுக்கி, வார்னிஷ் கொடுத்தால் போதும். மீதியை உறவினர் வீடுகளில் இரவல் கேளுங்கள். கொண்டு வருவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, கட்டிலின் அளவுக்கு வெட்டித் தரையில் விரித்துப் பாருங்கள். இரண்டு பேர் படுக்கும் கட்டில் ஐந்தடிக்கு ஆறரை அடி. பத்துக்குப் பத்து அறையில் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டி நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி நடக்க மிஞ்சும், கால்மாட்டில் மூன்றரை அடி கிடைக்கும். அதற்கு மேல் அந்த அறையில் பீரோ வைக்காதீர்கள். அறை அதைவிடச் சின்னதா? ஒற்றைக் கட்டிலும் ஒரு மேஜை நாற்காலியும் போட்டு, பிள்ளைகள் படிக்கும் அறை ஆக்கிவிடுங்கள். மேஜைமேல் ஒரு விளக்கு இருந்தால் போதும்.

கட்டிலில் கைத்தறி விரிப்பு, இரண்டு தலையணை. கூடத்தில் இரண்டு மூன்று இருக்கைகளும் சின்ன மேஜையும். நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டி வரிசையாக வைத்தால் டாக்டர் வீட்டுத் திண்ணை மாதிரி இருக்கும். நாலு பேர் முகம் பார்த்துப் பேசுவது போலக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போடுங்கள். நடுவில் ஒரு பத்தமடைப் பாய் விரித்தால், வேறு அலங்காரமே வேண்டாம். கோரையில் நெய்த பாய், பார்க்கவும் குளிர்ச்சி, காலுக்கும் குளிர்ச்சி. அடுக்களையில் அடுப்பு, ஒரு பித்தளைக் குடம், சின்னதாக நாலைந்து டப்பாக்கள். மேடை முக்கால்வாசி காலியாகவே இருக்கட்டும்.

அடுப்பு சும்மா காட்சிக்கு வேண்டாம், எரியட்டும். வேலை நடக்கும் நாட்களில் கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் அந்த அடுப்பிலேயே டீ போடுகிறேன். டீயும் இஞ்சியும் கொதித்த அடுக்களைக்கு ஒரு வாசனை வந்துவிடும், எந்த ஊதுபத்தியும் அதற்கு ஈடாகாது. ஊதுபத்தியை நிறையக் கொளுத்தி வைத்தால், எதையோ மூடப் பார்க்கிறார்கள் என்றுதான் வருகிறவர் நினைப்பார்.

பழைய கட்டுவீடாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீடு, தார்சா என்கிற முன்பகுதி, பட்டாசல் என்கிற கூடம், இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பட்டாசல் உத்தரத்தில் ஊஞ்சல் மாட்டும் நாலு இரும்பு வளையங்கள், ஊஞ்சல் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த அறைக்குப் போனார்கள். வெறும் வளையம் தொங்குகிற வீட்டில் மனசு எங்கெங்கோ போகும். மூன்றாவது குடும்பம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊஞ்சல் பலகை மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது, தேக்கு. ஆசாரி இழைத்துக் கொடுத்தார். சங்கிலியைத் துரு போகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து பாரம் தாங்குகிறதா என்று பார்த்து மாட்டினோம். அடுத்து வந்த குடும்பத்தில் ஓர் ஆச்சி நேரே போய் அதில் உட்கார்ந்தார். காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். "தம்பி, நீங்க எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க, நான் இங்கன இருக்கேன்" என்றார். அந்த வீடு முடிய அதற்கப்புறமும் நாலு மாதம் ஆனது, அது வேறு கதை. ஆனால் அதன் பிறகு வந்த யாரும் பட்டாசலில் நிற்காமல் போனதில்லை.

கிணறு இருந்தால் கம்பி வலை போட்டு மூடுங்கள், குழந்தைகளோடு வருவார்கள்.

வாசல்

சுற்றுச்சுவருக்குள் வளர்ந்த செடியை வேரோடு பிடுங்குங்கள். குப்பைமேனியும் நாயுருவியும் முழங்கால் உயரம் நின்றால் பாம்பு இருக்குமோ என்ற எண்ணம்தான் முதலில் வரும். தென்னையில் காய்ந்த மட்டைகளை இறக்குங்கள். முருங்கை, கறிவேப்பிலை நின்றால் வெட்டாதீர்கள், பாத்தி கட்டித் தண்ணீர் விடுங்கள். கேட்டுக்கு ஒரு கோட் பெயிண்ட், கீலுக்கு கிரீஸ், பூட்டு மக்கர் செய்தால் புதுப் பூட்டு.

அப்புறம் இந்த வேலையிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது என்று நான் நம்புவது ஒன்று உண்டு. அதே தெருவில் இருக்கும் ஓர் அம்மாவிடம் பேசி, தினமும் காலையில் வாசல் தெளித்துப் பெருக்கச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் பேசிக் கொடுங்கள். அவர்கள் விருப்பப்பட்டால் கோலமும் போடட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்விளக்கு எரிய வேண்டும், ஆள் இல்லாவிட்டால் டைமர் சுவிட்ச் போடுங்கள். பத்து நாளில் தெருவே "அந்த வீட்டுக்கு ஆள் வந்தாச்சோ?" என்று கேட்கும். வாங்க நினைக்கிறவர் உங்களுக்குத் தெரியாமல் இரவு எட்டு மணிக்கு பைக்கில் ஒரு நடை வந்து பார்ப்பார், கட்டாயம் வருவார். அப்போது அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

படம் எடுப்பது

நல்ல போன் போதும். லென்ஸைத் துணியால் துடையுங்கள், பாதிப் படங்கள் மங்கலாக வருவது விரல் எண்ணெயால்தான். காலை எட்டிலிருந்து பத்துக்குள், ஜன்னல்களைத் திறந்து, எல்லா விளக்கையும் போட்டு, போனைப் படுக்கை வாட்டில் நெஞ்சு உயரத்தில் பிடித்து, அறையின் மூலையில் நின்று எடுங்கள். கழிப்பறை மூடி மூடியிருக்கட்டும், விளக்குமாறும் வாளியும் சட்டகத்துக்கு வெளியே போகட்டும். அறையை இழுத்துப் பெரிதாகக் காட்டும் அகலக் கோணத்தைத் தவிர்த்துவிடுங்கள். படத்தில் கல்யாண மண்டபம் மாதிரி பார்த்துவிட்டு நேரில் பத்துக்குப் பத்து அறைக்குள் நிற்கிறவருக்கு வீடே பிடிக்காமல் போகும். முகப்பு, கூடம், அடுக்களை, படுக்கையறை, குளியலறை, கிணறு அல்லது மோட்டார், மொட்டை மாடியிலிருந்து தெரு. இந்த வரிசையில் பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும்.

ஆள் வரும் நாள்

எந்த நேரம் வருகிறார்கள் என்று கேட்டு, ராகுகாலம் பார்க்கிற குடும்பமானால் அவர்கள் சொல்லும் நேரத்துக்கே சம்மதியுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் ஜன்னல்களைத் திறங்கள். ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வரும் காற்று புழுதியை வாரிக் கொட்டியிருக்கும். மேற்குப் பக்க ஜன்னல் கட்டையையும் கட்டில் விரிப்பையும் அன்றன்றைக்குத் தட்டித் துடைக்க வேண்டும். ஒவ்வொரு குழாயையும் ஒரு முறை திறந்து மூடுங்கள், குழாய்க்குள் நின்ற தண்ணீரும் காற்றும் வெளியேறிவிடும்.

வந்தவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு, சுற்றிக் காட்டும் வேலையை அவர்கள் காலுக்கே விட்டுவிடுங்கள். "இது பெட்ரூம், இது கிச்சன்" என்று முன்னால் ஓட வேண்டாம், கட்டிலும் அடுப்பும் அதைச் சொல்லும். வாசல் எந்தத் திசை, அடுக்களை எந்த மூலை என்று கேட்பார்கள், போனில் திசைகாட்டி வைத்தும் பார்ப்பார்கள். தெரிந்ததை நேராகச் சொல்லுங்கள், வாஸ்துவுக்கு நீங்களாகச் சமாதானம் சொல்லத் தொடங்க வேண்டாம். குடும்பமாக வந்தால் பத்து நிமிஷம் அவர்களை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வாசலில் போய் நில்லுங்கள். அவர்கள் கட்டிலை எங்கே திருப்பிப் போடலாம், பிரிட்ஜை எங்கே வைக்கலாம் என்று பேசிக்கொள்ள அந்த நேரம் வேண்டும்.

விற்கும் வரை

முதல் வாரத்தில் விற்கிற வீடு கொஞ்சம்தான். அதனால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள், எனக்கு வியாழன். அன்றைக்குக் கழிவுநீர் வளைவுகளில் தண்ணீர் ஊற்றி, மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட்டி, எல்லாக் கதவு ஜன்னலும் திறந்து, ஒட்டடை அடித்து, தரை துடைத்து, கட்டில் விரிப்பை மாற்றி, பழுதான பல்பை மாற்றிவிட்டு வருவேன். மழைக்காலத்தில் மாடிக் குழாய்ச் சருகும் இந்தப் பட்டியலில் சேரும். இரண்டு மணி நேர வேலை. இரண்டு வாரம் தவறினால் வீடு மறுபடியும் பூட்டிக் கிடந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

அட்வான்ஸ் வாங்கியதும் சாமான்களை ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். கிரயம் முடிவதற்குள் வாங்குகிறவர் இன்னும் இரண்டு தடவையாவது அண்ணன், மாமனார் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார். இரவல் சாமான் எது, வீட்டோடு போகிற பேன், விளக்கு, ஊஞ்சல் எது என்பதை மட்டும் அட்வான்ஸ் அன்றே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பதிவுக்கு முந்திய நாள் உங்கள் சாமான்களை எடுத்து, கடைசியாக ஒரு முறை கழுவி, தொட்டி நிறையத் தண்ணீர் ஏற்றி வையுங்கள். சாவிகளைத் தனித்தனி நூலில் கோத்து, கேட், முன்வாசல், புறவாசல், மோட்டார் அறை, மாடி என்று அட்டையில் எழுதிக் கட்டுங்கள். அதே அட்டையின் பின்பக்கம் ஆற்றுத் தண்ணீர் வரும் நேரத்தையும், வாசல் தெளிக்கும் அம்மாவின் வீடு தெருவில் எத்தனையாவது என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.